முதலில் எதிரி, பிறகு படை

நாட்டிங்காம்,
கார்த்திகை மாதம், சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்த ஊரில் இப்போது மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மழை பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. கும்பகோணத்தில் இந்தத் தூறலை யாரும் மழைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இங்கே இதை வைத்து அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீங்கள், "ஏன் மாப்பிள்ளை, பொம்மை வாங்கி விளையாடறீங்களாமே?" என்று கேட்டீர்கள். கூட்டுறவு வங்கியில் தணிக்கைக்கு வந்தவர்களையே நடுங்க வைத்த குரல் அது. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது, உங்களிடம் தகவல் சொன்ன உங்கள் மகள் அடுப்படியில் ரசத்தை ரொம்ப கவனமாகத் தாளித்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுத்துமூலம், கணக்கோடு சமர்ப்பிக்கிறேன்.

பொம்மைதான் மாமா, மறுக்கவில்லை. ஆள் உயரம் 28 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. வாள், வில், கேடயம், தாடி எல்லாம் அந்த ஓர் அங்குலத்துக்குள் அடக்கம். மேஜைமேல் ஒரு சின்ன உலகத்தை அமைத்து, இந்த வீரர்களை அளவுநாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறோம். குழந்தை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இதன் மூதாதையை வளர்த்தது பிரஷ்ய ராணுவம். 1824-ல் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி, தன் அப்பா தொடங்கிவைத்த போர் விளையாட்டுக்கு வரைபடம், பகடை, விதிப்புத்தகம் எல்லாம் சேர்த்து ராணுவத்திடம் ஒப்படைத்தார். அதிகாரிகளுக்குப் பயிற்சியும் அதில் நடந்தது. பிறகு இங்கிலாந்தில் கால இயந்திரக் கதை எழுதிய எச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். ஈய வீரர்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் குட்டி மரக்கட்டையைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. பெரிய மனிதர்கள் முழங்கால் போட்டுத் தரையில் தவழ்ந்திருக்கிறார்கள். யார் யார் விளையாடலாம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்: 12 வயது முதல் 150 வயது வரை. உங்களுக்கும் இன்னும் நிறைய அவகாசம் இருக்கிறது.

அடுத்து, "இதற்கும் நீ போன ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. தாத்தா வைத்திருந்த ராலே சைக்கிள் நினைவிருக்கிறதா? உங்களைத் தொடவே விடமாட்டார் என்று அம்மா சொல்லும். அந்த ராலே பிறந்த ஊர் இதுதான். தொழிற்சாலை 2002-ல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டிடங்கள் நிற்கின்றன. சைக்கிள் போன ஊரில் பொம்மை வீரர்கள் வந்துவிட்டார்கள். பக்கத்திலேயே லென்டன் பகுதியில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற கம்பெனியின் தலைமையகம் இருக்கிறது. 1975-ல் மூன்று நண்பர்கள் லண்டனில் தொடங்கியது. 1983-ல் 'வார்ஹாமர்', 1987-ல் 'வார்ஹாமர் 40,000' என்று விளையாட்டுகளை வெளியிட்டு, பொம்மை வீரர்களை விற்றே வளர்ந்து, 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. வங்கி, எண்ணெய், சுரங்கம் என்று பெரிய தலைகள் உட்கார்ந்திருக்கும் வரிசையில் ஓர் அங்குல பிளாஸ்டிக் வீரனும் உட்கார்ந்திருக்கிறான். அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் சுற்றுவட்டாரத்திலேயே தனித்தனியாகக் கடை போட்டார்கள். வார்லார்ட், மேன்டிக், பெரி இரட்டையர் என்று வரிசையாக இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வீரர்களை ஈயத்தில் வார்த்ததால் இந்தப் பகுதிக்கே 'லெட் பெல்ட்' என்று பட்டப்பெயர். நிஜச் சண்டைக்கும் ஊருக்கு ராசி உண்டு. 1642 ஆகஸ்டில் முதலாம் சார்லஸ் ராஜா பாராளுமன்றத்தோடு போர் என்று கொடியேற்றியது இந்த ஊர்க் கோட்டைப் பக்கம்தான். ஏற்றிய கொடியைக் காற்று சாய்த்துவிட்டது என்பார்கள். ராஜாவின் கதையும் பிற்பாடு அப்படித்தான் முடிந்தது.

சரி, நான் எப்படி மாட்டினேன் என்று சொல்கிறேன். புதுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம் அல்லவா? அதைச் சுற்றி வந்த தெர்மாகோலை வாசலில் போட்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற தபால்காரர். வானிலையைத் தவிர வேறு எதையும் அதுவரை என்னிடம் பேசியதில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் கேட்பவர்போல் கூச்சப்பட்டு, "அந்த தெர்மாகோல் உங்களுக்கு வேண்டுமா?" என்றார். தெர்மாகோல் என்றால் நமக்கு, தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதைப் போட்டு மூடிப் பார்த்த வைகை அணைதான் நினைவுக்கு வரும். இவர் எந்த ஏரியை மூடப்போகிறார் என்று யோசித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு, "இதில் ஓர் இடிந்த கோபுரம் செய்யப்போகிறேன், வந்து பார்க்கிறீர்களா?" என்றார்.

அவருடைய பெயரை எழுதவில்லை. நம் வீட்டில் எல்லோரும் அவரை எதிரி என்றுதான் சொல்கிறோம். உங்கள் பேத்தி ஜன்னலில் நின்று, "எதிரி வர்றாரு, டீ போடும்மா" என்று கத்துகிறாள்.

எதிரியின் கார் ஷெட்டில் கார் இல்லை. தரையிலிருந்து கூரை வரை பெட்டிகள். நெப்போலியன் படை, ரோமானியர், விண்வெளி வீரர், எலும்புக்கூடுகள் என்று எல்லாம் இருக்கிறது. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. பிரித்தவற்றிலும் பாதி வர்ணம் காணாத சாம்பல் நிறப் பிளாஸ்டிக். எத்தனை வருடச் சம்பளம் அங்கே தூங்குகிறது என்று நானே மனக்கணக்குப் போட்டேன். நீங்களாக இருந்தால் சொத்து ஜப்தி நோட்டீஸ் ஒட்டியிருப்பீர்கள். அவர் ஒரு பழைய பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தப் படையை வாங்கி முடித்தபிறகுதான் தெரிந்தது, இந்த விளையாட்டை ஆட இந்த ஊரில் எனக்கு ஆளே இல்லை."

மாமா, இந்தத் துறையில் பணம் கரையும் ஓட்டை அதுதான். கடைக்குப் போகிறார்கள், பெட்டியின்மேல் படம் பிரமாதமாக இருக்கிறது, வாங்கிவிடுகிறார்கள். படை தயாராகிவிடுகிறது, சண்டைக்குத்தான் ஆள் இல்லை. பெண் பார்க்கும் முன்பே முகூர்த்தப் பட்டு எடுத்துவிட்டு நிற்கிற கதை. அதனால் எதிரி எனக்குச் சொன்ன முதல் விதி: எந்த விளையாட்டு என்று பார்க்காதே, எதிரே யார் உட்காரப்போகிறார்கள் என்று பார். ஊர்ச் சமுதாயக் கூடங்களில் இந்த விளையாட்டுக்கான சங்கங்கள் கூடும். அங்கே போய் ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்க வேண்டும். எல்லோரும் எதை ஆடுகிறார்களோ அதைத்தான் வாங்க வேண்டும். முதல் ஆட்டத்துக்கு யாராவது தன் படையில் பாதியை இரவல் கொடுப்பார்கள். கொடுக்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. தோற்பதற்குப் புது ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

எனக்கு எதிரி வீட்டு வாசலிலேயே கிடைத்துவிட்டார். வெளிநாடு வந்தவனுக்கு நண்பன் கிடைப்பது கடினம் என்று நீங்கள் விமான நிலையத்தில் கவலைப்பட்டீர்களே! எதிரி சுலபமாகக் கிடைக்கிறார் மாமா. வாராவாரம் வருகிறார், பிஸ்கட்டும் கொண்டுவருகிறார்.

இரண்டாவது விதி: ஆள்பலம் குறைவாகக் கேட்கும் விளையாட்டாகப் பார். பெரிய போர் விளையாட்டுகளில் ஒரு பக்கத்துக்கே ஐம்பது, நூறு வீரர்கள் வேண்டும். தொடக்கப் பெட்டி ஒன்றே நூறு பவுண்டைத் தொடும், அது தொடக்கம் மட்டும்தான். நாங்கள் எடுத்தது 'ஃப்ராஸ்ட்கிரேவ்'. ஜோசப் மெக்கல்லோ எழுதி 2015-ல் ஆஸ்ப்ரே வெளியிட்டது. ஒரு பக்கத்துக்குப் பத்தே பேர்: ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், எட்டு ஆட்கள். மேஜை மூன்றடிக்கு மூன்றடி போதும். நம் சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் அட்டை நீட்டினால் சரியாகிவிடுகிறது. கதை இதுதான்: ஆயிரம் வருடம் பனியில் புதைந்திருந்த ஃபெல்ஸ்டாட் என்ற மந்திரவாதிகளின் நகரம் இப்போது உருகத் தொடங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் புதையலை அள்ள எல்லா மந்திரவாதிகளும் அடியாட்களோடு கிளம்பிவிட்டார்கள். வெளியே குளிர் போதாது என்று வீட்டுக்குள்ளும் பனி தேவையா என்று உங்கள் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி.

இதில் பெரிய சௌகரியம், எந்தப் பொம்மையையும் வைத்து ஆடலாம். இன்ன கம்பெனிப் பொம்மைதான் வேண்டும் என்று புத்தகம் கேட்பதில்லை. வில் வைத்திருந்தால் வில்லாளி, தாடி நீளமாக இருந்தால் மந்திரவாதி. இந்த விளையாட்டுக்கென்றே இந்த ஊர் நார்த் ஸ்டார் கம்பெனி பிளாஸ்டிக் வீரர்கள் போடுகிறது, பெட்டிக்கு இருபது பேர். இருபதை இரண்டால் வகுத்தால் பத்து. நானும் எதிரியும் ஒரே பெட்டியை வாங்கி ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம். உலகின் போர் வரலாற்றில் இரண்டு தரப்பும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே இடத்தில் படை திரட்டியது வேறு எங்காவது உண்டா என்று தெரிந்தால் எழுதுங்கள். விதிப்புத்தகமும் ஒன்றுதான், பாதிப் பணம் ஆளுக்கு. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு 'ஒன் பேஜ் ரூல்ஸ்' என்று இலவசமாகவே விதிகள் கிடைக்கின்றன.

வீரர்கள் முழு ஆளாக வருவதில்லை. பிளாஸ்டிக் சட்டத்தில் கை தனி, தலை தனி, உடல் தனி. கட்டரால் வெட்டி, அச்சு சேர்ந்த இடத்தில் மயிரிழை மாதிரி ஓடும் கோட்டைக் கத்தியால் சுரண்டி, பிளாஸ்டிக் பசையால் ஒட்ட வேண்டும். ஒரு சட்டத்தில் ஆட்களைவிடத் தலைகளும் கைகளும் அதிகமாக இருக்கும். மிச்சமானவற்றைத் தூக்கி எறியக் கூடாது, அடுத்த படைக்கு ஆகும். நம் வீட்டு முறுக்கு டின்னைத் திறந்த உங்கள் பேத்தி உள்ளே குட்டிக் குட்டித் தலைகளைப் பார்த்து அலறியதற்குக் காரணம் இதுதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது அவளே தலை மாற்றுகிறாள்.

மந்திரவாதியை மட்டும் எதிரி அன்பளிப்பாகக் கொடுத்தார். பழைய உலோகப் பொம்மை. யாரோ என்றோ அடித்த வீட்டு பெயின்ட் கால் அங்குலத் தடிமனில் முகத்தை மூடியிருந்தது. இந்த நாட்டில் அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: டெட்டால். நாம் சிராய்ப்புக்குப் போடுவோமே, அதே டெட்டால்தான். பாட்டிலில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெயின்ட் கூழாகக் கழன்று வரும். கூழ் முழுக்கப் போகும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. காட்டினால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே அலச வேண்டும். பழைய பொம்மையில் ஈயம் இருக்கும் என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வேலைவிட்டு வந்த உங்கள் மகள் வாசலிலேயே மோப்பம் பிடித்து, "யாருக்கு அடிபட்டுது?" என்று ஓடிவந்தாள். மந்திரவாதிக்கு என்றேன். அதற்கப்புறம் நடந்ததை இங்கே எழுதவில்லை.

வர்ணம் அடிப்பதில்தான் கடைக்காரர்கள் நம் சட்டைப்பையைப் பார்ப்பார்கள். இருநூறு நிறம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆறு போதும்: கறுப்பு, வெள்ளை, பழுப்பு, தோல்நிறம், ஒரு வெள்ளி, உங்கள் படைக்கென்று ஒரு தனி நிறம். முதலில் கார்களுக்கு அடிக்கும் மேட் கறுப்பு பிரைமரை ஸ்பிரே செய்துவிட வேண்டும். மழை விட்ட நேரம் பார்த்து வெளியேதான் அடிக்க வேண்டும். இந்த ஊரில் அதற்கு முகூர்த்தம் குறிக்க வேண்டும். பிறகு பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, மீதி ஒட்டியிருக்கும் வர்ணத்தோடு மேலே லேசாகத் தடவினால் மேடான இடங்களில் மட்டும் வெளிச்சம் விழும், பள்ளங்களில் நிழல் தங்கும். அதன்மேல் தண்ணீர் கலந்த நிறங்களைப் பூசினால் பாதி வேலையை நிழலே செய்துவிடுகிறது. கடைசியாகப் பழுப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து 'வாஷ்' என்று ஒரு கை. அது மடிப்புகளுக்குள் ஓடித் தங்கிக்கொண்டு, நமக்கு வராத திறமையை வந்ததுபோல் காட்டும். வர்ணம் காயாமல் இருக்க விலை கொடுத்துத் தட்டு வாங்க வேண்டாம். ஒரு டப்பா மூடியில் ஈரத் துணி விரித்து, மேலே கேக் சுடும் காகிதம் போட்டால் அதுவே தட்டு.

எதிரி சொன்ன இன்னொரு ரகசியம்: கண் வரையாதே. ஆட்டத்தில் பொம்மையை எல்லோரும் மூன்றடி தூரத்திலிருந்துதான் பார்ப்பார்கள். முகம், கேடயம், காலடித் தட்டு இந்த மூன்றும் பளிச்சென்று இருந்தால் மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள். இதை உங்கள் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. மார்கழியெல்லாம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்ட கை. ஒரு நாள் என் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கி, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதான கேடயத்தில் சிக்குக்கோலமே போட்டுவிட்டாள். எதிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் பத்துக் கேடயங்களையும் ஒரு டப்பாவில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

களம் அமைக்க ஒரு பென்னி செலவில்லை. உங்கள் பணத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் தெர்மாகோல் இப்போது மூன்று கோபுரங்களாக நிற்கிறது. காலை உணவுப் பெட்டி அட்டை கூரை ஓடாயிற்று, காப்பிக்கடையில் கலக்கக் கொடுக்கும் மரக்குச்சி கதவாயிற்று. வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து ஒட்டினால் சருகு. சமையல் சோடாவைப் பசையில் குழைத்துத் தடவினால் பனி. ஆனால் சில மாதங்களில் அது மஞ்சளாகிவிடும் என்று எதிரி எச்சரித்தார். நாய் நடமாடும் ஊரில் பனி அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாய் என்றால் அவருக்கு இன்னும் ஆகாது.

அதற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டுக்குள்ளும் ஒரு பட்ஜெட் இருக்கிறது மாமா, உங்களுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு மந்திரவாதிக்கும் தொடக்கத்தில் 400 பொற்காசு. அதற்குள் ஆள் எடுக்க வேண்டும். கவசம் போட்ட வீரமறவனுக்குக் கூலி அதிகம். வேட்டைநாய் பத்துக் காசுதான், மலிவு, வேகமாகவும் ஓடும். எதிரி எடுக்கவே மாட்டேன் என்கிறார். வேலைக்காலம் முழுக்கத் தபால் பையோடு நாய்களிடம் பட்டது போதும், காசு கொடுத்து வேறு வைத்துக்கொள்ள வேண்டுமா என்கிறார். நான் உங்கள் பேத்தியின் பண்ணை விலங்குப் பெட்டியிலிருந்து ஒரு நாயை எடுத்துப் படையில் சேர்த்தேன். ஆள் உயரத்துக்கு இருக்கிறது, ஆனாலும் விதிப்படி செல்லும். அதை மேஜையில் வைத்த கணமே எதிரியின் மந்திரவாதி இரண்டு கட்டிடம் பின்வாங்கினார். பகடையே உருட்டவில்லை.

சண்டை நடக்கும் விதம் எளிது. இருவரும் இருபது முகப் பகடை உருட்டி, அவரவர் வீரனின் பலத்தைக் கூட்ட வேண்டும். யாருக்கு அதிகமோ அவர் அடி விழும். எதிராளியின் கவசத்தைக் கழித்தது போக மிச்சம்தான் காயம். மந்திரத்துக்கும் பகடைதான். ஜபம் மோசமாகத் தவறினால் மந்திரவாதிக்கே அடிபடும். ஆனால் இவர்கள் அதை ஆடும் மரியாதையைத்தான் நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். தொடங்குமுன் கைகுலுக்கல். அடுத்தவர் பொம்மையைக் கேட்காமல் தொடக் கூடாது. பகடை சாய்ந்து நின்றால் மறுபடி உருட்ட வேண்டும். அளவில் கால் அங்குலத் தகராறு வந்தால், "உங்கள் பக்கமே இருக்கட்டும்" என்று இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து, கடைசியில் அதற்கும் ஒரு பகடை. என் சீடனை எரித்துக் கொல்லும்போது எதிரி மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டார். கொன்றுவிட்டு டீ ஊற்றிக் கொடுத்தார். நம் ஊரில் கேரம் போர்டுக்கே சட்டைக் காலரைப் பிடித்த பரம்பரை நான். முதலில் ஒன்றும் புரியவில்லை.

இப்போது உங்களிடம் தகவல் சொன்னவரின் கதைக்கு வருகிறேன். "இதில் என்னதான் இருக்கு?" என்று ஒரு நாள் உங்கள் மகள் விதிப்புத்தகத்தை எடுத்துப் படித்தாள். நானும் எதிரியும் மந்திரப் பக்கங்களைப் படித்தோம், அவள் கூலிப் பட்டியலைப் படித்தாள். அதில் அடியாளும் திருடனும் இலவசம் என்று போட்டிருக்கிறது. இலவசம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? எட்டுப் பேரையும் இலவசமாகவே எடுத்தாள். வீரமறவனுக்குக் கொட்டிக்கொடுத்த நாங்கள் இருவரும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டோம். ஆட்டம் தொடங்கியது. இந்த விளையாட்டில் வெற்றி என்பது எத்தனை பேரைக் கொன்றோம் என்பதில் இல்லை, எத்தனை புதையலை மேஜையைவிட்டு வெளியே கொண்டுபோனோம் என்பதில்தான். நானும் எதிரியும் கோபுரத்தடியில் வீரமாக வெட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய திருடர்கள் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்கள். கடைசியில் அவளிடம் புதையலும் இருந்தது, ஆளுக்குச் செலவழிக்காமல் மிச்சம்பிடித்த பொற்காசும் இருந்தது. எதிரி எழுந்து நின்று கைகுலுக்கி, "இதை எங்கே கற்றீர்கள்?" என்றார். "எங்கப்பா பேங்க்ல இருந்தாரு" என்றாள்.

அவளும் இதே பொம்மைகளோடு உட்கார்ந்திருக்கிறாள் என்ற விவரம் உங்களிடம் சொன்ன தகவலில் விடுபட்டிருக்கலாம்.

இனி கணக்கு. தோராய விலைதான், ஆனால் குறைத்து எழுதவில்லை.

வீரர்கள் பெட்டியில் பாதி – 12.50 பவுண்டு
விதிப்புத்தகத்தில் பாதி – 12.50
பகடை – 2
கார் பிரைமர் ஸ்பிரே – 8
வர்ணம், ஆறு புட்டி – 18
பிரஷ் – 5
பசை – 4
கட்டர், கத்தி – 7
கோபுரம், பனி, சருகு, நாய் – 0
ஆக மொத்தம் – 69 பவுண்டு

நீங்கள் இதற்குள் ரூபாயாக மாற்றியிருப்பீர்கள். எட்டாயிரத்துக்குப் பக்கம் வருகிறது, தெரியும். ஆனால் இதில் பாதிக்கு மேல் ஒரே முறை செலவு. வர்ணமும் கருவியும் அடுத்த படைக்கும் ஆகும். இங்கே என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார், ஒருவர் கால்பந்து மைதானத்துக்கு வருடச் சீட்டு வைத்திருக்கிறார். அவர்கள் கணக்கை உங்களுக்கு அனுப்பினால் எனக்கு நற்சான்றிதழே கொடுப்பீர்கள். இன்னொருவர் வீட்டிலேயே பொம்மை அச்சடிக்கும் முப்பரிமாண பிரின்டர் வாங்கி, "இனிமேல் எல்லாம் சில்லறைக் காசில்" என்றார். பிசின், ஆல்கஹால், கையுறை, புற ஊதா விளக்கு, நாற்றம் போக ஜன்னல் திறந்ததில் ஏறிய ஹீட்டர் கட்டணம் என்று அவர் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறார்.

மேலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். வாங்கியது முழுவதும் வர்ணம் அடித்து மேஜைக்கு வராமல் அடுத்த பெட்டி கிடையாது. எதிரியே இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தன் கார் ஷெட்டைக் காட்டித்தான் போட்டார். இந்தப் பொழுதுபோக்கில் காசு போவது ஆடுவதால் இல்லை மாமா, ஆடாமல் வாங்கி வைப்பதால்தான். வாரம் ஒரு முறை எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கும்வரை கையிலுள்ள பத்துப் பேரே போதும். யாரும் வராத வீட்டுக்கு ஆயிரம் பேர் இருந்தாலும் பற்றாது.

வெயில் காலத்துக்கு உங்கள் இருவருக்கும் விசாவுக்கு எழுதுகிறேன். வரும்போது அத்தை ஊறுகாயோடு இரண்டு சாமான் கொண்டுவரட்டும். ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் சைபர் நம்பர் பிரஷ் ஒரு டஜன். இரண்டு, கால் துடைக்கும் தேங்காய்நார் மிதியடி ஒன்று. சிரிக்காதீர்கள், அதைத் துண்டு துண்டாக நறுக்கி நட்டால் அச்சு அசல் கோதுமை வயல். இங்கே இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுங்கத்தில் கேட்டால் மிதியடி என்றே சொல்லுங்கள். போர்க்களம் என்று சொல்ல வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பேத்தி உங்களுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்.

பின்குறிப்பு: உங்களுக்கும் 400 பொற்காசு ஒதுக்கிவிட்டோம். முதலில் எதிரி, பிறகுதான் படை என்ற விதிப்படி உங்களுக்கு ஓர் எதிரியையும் பார்த்து வைத்தாயிற்று. சங்கத்துக்கு வருகிறவர், உங்கள் வயதுதான், பேச்சும் அதிகம் கிடையாது. வருமான வரி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.